சம்பூர் வேம்புக்கு என்ன விலை

ஒரு வேம்புக்கு ஊர் எது என்று கேட்டுவிட்டு விலை சொன்ன மனுசரை நான் முதன்முதலில் கண்டது மூதூர்ப் பக்கத்தில் மரம் அரிகிற மில் ஒன்றில்தான். எத்தனை அடிச் சுற்று, வைரம் பாய்ந்திருக்கிறதா, உள்ளே கோறையா என்றெல்லாம் கேட்பார் என நினைத்து, பதில்களை வழி நெடுக மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"மரம் எங்க நிக்கிது தங்கச்சி?"

"சம்பூரில," என்றேன்.

கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு விலை சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னர்தான் அதே மில் வாசலில், தம்பலகாமத்திலிருந்து அரியாத வேம்புக் குத்தி கொண்டுவந்து இறக்கிய ஆளிடம் நைசாக விலை விசாரித்திருந்தேன். அவருக்குக் கொடுத்ததில் பாதிதான் எனக்கு.

"ஏன் நானா, சம்பூர் வேம்பு கசக்காதோ?" என்று கேட்டேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"கசக்கும். அதுக்குள்ள வேற சாமானும் இரிக்கும்," என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நான் கூட்டுறவுச் சங்கக் கடையில் தராசு பிடித்தே தலை நரைத்தவள். அரிசி மூட்டையில் எந்த மூலைக்குள் கல் இருக்கும், வெங்காயச் சாக்கை எதற்காக நனைத்துக் கொண்டு வருகிறார்கள், படிக்கல்லுக்குக் கீழே மெழுகு ஒட்டுகிற கை எது என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. விற்கிறவன் எந்த இடத்தில் கண்ணை வேறு பக்கம் திருப்புகிறானோ அந்த இடத்தில்தான் சுத்துமாத்து இருக்கும். "கோயில் ஐயர் திருநீறு தந்தாலும் உமக்கு நிறுத்துப் பாக்கவேணும்," என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லட்டும். அவர் வாங்கி வந்த மீனைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்த ஆள் நான்.

நாங்கள் சம்பூருக்குத் திரும்பிப் போக ஆயத்தப்பட்ட காலம் அது. சண்டையில் ஊரை விட்டு ஓடியதிலிருந்து முகாம், சொந்தக்காரர் வீடு என்று இழுபட்டு, கடைசியில் பாலையூற்றில் ஒரு வாடகை வீட்டில் வந்து ஒதுங்கினோம். அரசாங்கம் பிடித்து வைத்திருந்த காணிகளை விடத் தொடங்கிய பிறகும் எங்களால் உடனே போக முடியவில்லை. எனக்குக் கடை வேலை, மகளுக்குப் படிப்பு. மகள் கலியாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போனாள், நான் வேலையிலிருந்து நின்றேன், வாடகை வீட்டுக்காரரும் தைப்பொங்கலுக்கு முதல் வீட்டை விட்டுத் தரச் சொல்லிவிட்டார். இனி ஊர்தான் என்று முடிவெடுத்து, பழைய வீடு தரைமட்டமாகக் கிடந்த இடத்திலேயே அத்திவாரம் போட்டோம்.

அத்திவாரம் போட்டால் அடுத்தது வாசல்நிலை. நிலை நிமிர்ந்தால்தான் சுவர் எழும்பும். எங்கள் பக்கத்தில் அதைச் சும்மா தூக்கி வைத்துவிட முடியாது. நாள் பார்த்து, நிலைக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, கீழே ஒரு பொட்டுப் பொன் வைத்து, சொந்தம் சுற்றம் எல்லாரும் ஆளுக்கொரு கை கொடுத்துத்தான் நிமிர்த்த வேண்டும். சாத்திரியார் ஆவணியில் ஒரு நாள் குறித்துத் தந்திருந்தார். அதை விட்டால் புரட்டாதி ஆகாது, ஐப்பசியில் மழை பிடித்துவிடும். மழைக்கு முதல் சுவர் எழும்பாவிட்டால் தைக்கு நாங்கள் தெருவில்தான் நிற்க வேண்டும். மேசன் வேறு வேலைக்குப் போய்விடுவேன் என்று ஏற்கெனவே இரண்டு தரம் வெருட்டிவிட்டார்.

நிலைக்கு மரம் வெளியே தேடத் தேவையில்லை என்று நினைத்திருந்தோம். எங்கள் வளவில், வாசல் படலையடியில், ஒரு வேம்பு நின்றது. வீடு போய், வேலி போய், தென்னைகளும் தலை போய் நின்ற வளவில் அது மட்டும் முழுசாக நின்றது. அதை வைத்துத்தான் எங்கள் காணி இதுதான் என்று கண்டுபிடித்தோம். அடிக்குத்தியில் நிலையும் கதவும் எடுத்துக்கொண்டு, மேல்மரத்தை மில்லுக்கு விற்றால் அரிகிற கூலியும் ஓடாவியாரின் கூலியும் வந்துவிடும் என்பது என் எண்ணம். ஓடாவியார் என்று நாங்கள் சொல்வது தச்சு வேலை செய்கிறவரை. பாதி விலைக்குப் போனால் ஓடாவியாருக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. அப்போது ஆவணி நாளும் போச்சு, எல்லாம் போச்சு.

அந்த மரத்தை வெட்டலாமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் அதன் இலையைக் கிள்ளவே விடமாட்டார்கள். மாமனார் அதன் அடியில் ஒரு கல்லை வைத்து, மரத்தோடு சாத்தி ஒரு முழச் சூலம் நட்டிருந்தார். வைரவர். எங்கள் ஒழுங்கையில் இருந்த நாலைந்து வீட்டுக்கும் அவர்தான் காவல். வருசத்துக்கு ஒரு தரம் பொங்கி, வடைமாலை சாத்துவோம். நான் கலியாணம் முடித்து வந்த காலத்திலேயே சூலத்தின் முதுகு மரத்தோடு ஒட்டிப்போய்த்தான் இருந்தது. எண்ணெய் பூசும்போது பின்பக்கம் விரல் போகாது. நாங்கள் திரும்பி வந்து பற்றையை வெட்டிப் பார்த்தபோது கல் இருந்தது. சூலத்தைக் காணவில்லை.

அது எங்கே போனது என்று எங்களுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அடுத்த வளவு மச்சாள் குடும்பம் எங்களுக்கு ஆறேழு மாதம் முந்தி ஊருக்குப் போய்க் கொட்டில் போட்டது. அவர் என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட மாமி மகள். அந்த நாட்களில் பிழைப்பு ஒன்றும் இல்லாமல் ஊரில் எல்லாரும் பழைய இரும்பு பொறுக்கி விற்றார்கள், மச்சாளும் விற்றார். நாங்கள் போன முதல் நாள் அவரது கொட்டிலுக்குப் பின்னால் ஒரு சாக்கு நிறைய இரும்பு கட்டிக் கிடந்ததை என் கண்ணால் கண்டேன். சூலம் இரும்பு. வேறென்ன வேண்டும்? நேரே கேட்கவில்லை. கேட்காமல் ஊரில் நாலு பேரிடம் சொன்னோம். அதிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கதை இல்லை. சூலமே இல்லாத மரத்தில் வைரவருக்கு என்ன வேலை, இனி அது வெறும் வேம்புதான் என்று என் வீட்டுக்காரரும் மனதைத் தேற்றிக்கொண்டார்.

சரி, விலைக்கு வருகிறேன். மூதூர் மில்காரர் சொன்ன விலையை நம்பி வீட்டில் இருக்க நான் ஆளில்லை. அடுத்த நாளே கிண்ணியாவில் இன்னொரு மில்லுக்குப் போனேன். இந்த முறை புத்தியாக, மரம் தம்பலகாமத்தில் நிற்கிறது என்று சொன்னேன். நல்ல விலை சொன்னார்கள். மனதுக்குள் குளிர்ந்துபோய்த் திரும்ப வெளிக்கிட்ட நேரம், "வெட்டக்க பெர்மிட்டையும் கொண்டு வாங்க," என்றார் அங்கிருந்தவர். பெர்மிட்டில் காணி எந்த ஊர் என்று எழுதித்தானே கிடக்கும். வாயைப் பொத்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

பிறகு ரவுனில், பட்டணத்தில், ஒரு மரக்காலைக்குப் போனேன். ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே, துறைமுகப் பக்கம் இறங்குகிற ரோட்டில், அரிந்த பலகையும் செய்த நிலையும் அடுக்கி வைத்து விற்கிற இடம் அது. ஒரு வேம்பு நிலைக்கு அவர்கள் சொன்ன விலைக்கு என்னிடமிருந்து மூன்று வேம்பை வேரோடு வாங்கலாம். இது எந்த ஊர் வேம்பு என்று கேட்டேன். விற்பனைக்கு நின்ற பொடியன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அரிஞ்சாப் பிறகு ஊர் இல்லை அன்ரி," என்றான்.

அந்தச் சொல் என்னை விடவேயில்லை. அப்படியென்றால் குத்தியாக இருக்கும்வரைதான் அதற்குச் சம்பூர் என்று பெயர். அரிந்து ரவுனுக்கு வந்ததும் அதே மரம் தம்பலகாமத்து மரத்தோடு சேர்ந்து முழு விலைக்கு நிற்கிறது. நடுவில் ஒருவர் கொழுக்கிறார். மூதூர், கிண்ணியா, ரவுன் எல்லாம் ஒரே கை, எல்லாரும் சேர்ந்து எங்களைப் பேய்க்காட்டுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. இடம்பெயர்ந்து போய் வந்த சனம்தானே, அவசரத்தில் எந்த விலைக்கும் கொடுக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் தங்கைக்குப் போன் எடுத்தேன். "அக்கா, இஞ்ச மரத்தில நிலை வைக்கிறதெண்டால் காதில கிடக்கிறதைக் கழட்டவேணும். நாங்கள் கொங்கிறீட்டில வைச்சிட்டம்," என்றாள். அப்படியானால் மரத்தை யாழ்ப்பாணத்துக்கே ஏற்றிவிட்டால் என்ன என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவர் சேட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "ஏத்தலாம். லொறிக் கூலிக்கு இன்னொரு வேம்பு வெட்டவேணும்," என்றார்.

"அப்ப பாதி விலைக்குக் குடுக்கச் சொல்லுறியளோ?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. நீர் கேட்டதுக்குச் சொன்னனான்."

இப்படி ஒரு மனுசனோடு எத்தனை வருசம் குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று யாரும் எனக்கு ஒரு பட்டம் தரவில்லை.

திரும்ப மூதூருக்கே போனேன். இந்த முறை வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போய், மில்காரரின் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தம்பலகாமத்துக்கு ஒரு விலை, சம்பூருக்கு ஒரு விலை, யாழ்ப்பாணத்தில் ஒரு விலை, இந்தக் கூத்தை எனக்கு விளங்கப்படுத்துங்கோ என்றேன்.

மனுசர் கோபப்படவில்லை. கோபப்படாத வியாபாரியைக் கண்டால் எனக்கு இன்னும் சந்தேகம் கூடும்.

"தம்பலகாமத்து மரம் வயல் தண்ணி குடிச்ச மரம். நேராப் போகும். ரோட்டுக் கரையில விழுத்தி அப்பிடியே ஏத்தலாம். யாழ்ப்பாணத்துல காடு இல்ல, வாங்க ஆள் இரிக்கி. வன்னிக்குள்ள காடு இரிக்கி, அந்தளவுக்கு வாங்க ஆள் இல்ல. நடுவுல கிடக்கிற தூரத்துக்கும், லொறிக்கும், பெர்மிட்டுக்கு அலையிற அலைச்சலுக்கும் போறதுதான் மத்தது. இது எல்லா ஊருக்கும் உள்ளது தங்கச்சி. உங்கட ஊருக்கு இன்னொண்டு இரிக்கி."

எழுந்து போய் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே ஷெல் வெடித்துச் சிதறிய இரும்புச் சன்னங்கள், துவக்குச் சன்னத் தலைகள், முள்ளுக்கம்பித் துண்டுகள்.

"எல்லாம் உங்கட பக்கத்து மரத்துக்குள்ள இருந்தது. வெளிய பாத்தா ஒண்டும் தெரியாது, தோல் மூடிரும். வாள் போய் அதுல பட்டா வாள் போச்சு. ஆளுக்குப் பட்டா ஆள் போச்சு. அதுக்குத்தான் பாதி விலை. நான் குறைக்கல்ல, இந்த டின்தான் குறைச்சது."

ஒரு சன்னத்தை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். கனம்தான். ஆனால் பழைய இரும்புக்காரனிடம் ஒரு பை வாங்கினால் இதைப்போல் நாலு டின் நிரப்பலாம். சம்பூர்க்காரர் வருகிற நேரமெல்லாம் இந்த டின் இறங்கி வரும், அவர்களும் வாயடைத்துப்போய்ப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். உள்ளதை உள்ளபடி அவரிடம் சொன்னேன். வீட்டுக்காரர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

"சரி," என்றார் மில்காரர். "உங்கட மரத்துக்கு ஆணி அடிச்சயளா?"

"இல்லை. கொடி கட்டவும் ஆணி அடிக்க எங்கட மாமா விடமாட்டார்."

"ஊஞ்சல், கொளுக்கி ஏதும்?"

"இல்லை."

"ஷெல் விழுந்ததா?"

"எங்கட வளவில விழேல்லை. வேலிக்கு அங்காலதான் விழுந்தது."

"சன்னத்துக்கு வேலி தெரியுமா தங்கச்சி?"

"எங்கட மரத்தில ஒரு துண்டு இரும்பும் இல்லை நானா. இது சத்தியம்."

அப்படித்தான் சொன்னேன். சொன்னபோது என் மனதில் ஒரு சின்ன உறுத்தலும் இல்லை. நான் கேட்டேன், அவர் ஒத்துக்கொண்டார்: தம்பலகாமத்து விலையையே தருவார். ஆனால் அரியும்போது இரும்பு பட்டு வாள் உடைந்தால் வாள் என் பாடு. அரியும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றும் கேட்டேன். டின்னிலிருந்து ஒரு துண்டை எடுத்து, இதோ உங்கள் மரத்தில் இருந்தது என்று காட்ட இடம் கொடுக்கக் கூடாதல்லவா? "நில்லுங்க, எட்டி நில்லுங்க," என்றார் அவர்.

பெர்மிட் எடுக்க அலைந்த அலைச்சலை விட்டுவிடுகிறேன். அது கையில் கிடைத்ததும் மரம் வெட்டுகிறவர்களைக் கூட்டிக்கொண்டு சம்பூருக்குப் போனோம். கொப்புகளைத் தறித்து முடித்து, அடியில் வாள் வைக்கிற நேரம் மச்சாள் வேலியடியில் வந்து நின்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் என்னோடு வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

"மச்சாள், அடியோட தறிக்கப் போறியளோ? அது வைரவர் நிக்கிற மரம். வேண்டாம், விடுங்கோ."

எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. கள்ளனே வந்து காவலைப் பற்றிக் கதைப்பதா?

"எங்க நிக்கிறார்? எனக்கு ஒருக்கா அவரைக் காட்டுங்கோ பாப்பம். நீங்கள்தானே எங்களுக்கு முதல் வந்தனீங்கள், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்தானே அவர் எங்க போனவர் எண்டு."

மச்சாளின் முகம் கறுத்துவிட்டது. "எனக்கு எப்பிடித் தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். என்ன வாய் என்று நினைத்தேன். அடுத்த நிமிசம் மரத்தைத் தறிக்கச் சொன்னேன். விழுந்தபோது நிலம் அதிர்ந்தது, படலையடியில் இருந்த நிழல் முழுக்கப் போய் வெயில் கண்ணுக்குள் குத்தியது.

உழவு மிசினின் இழுவைப் பெட்டியில் குத்திகளை ஏற்றி மில்லில் இறக்கினோம். மில்காரர் ஒவ்வொன்றையும் சுற்றி வந்து தோலைத் தடவிப் பார்த்தார். அடிக்குத்திக்கு வந்ததும் நின்றார். முழங்கால் உயரத்தில், மூடிய வாயைப்போல ஒரு நெடுந்தழும்பு.

"இதென்ன?"

"மாடு கட்டின இடம். கயிறு உரஞ்சினது."

"கயிறு உரஞ்சினா சுத்தியெல்லோ உரஞ்சும். இது நெடுக்கா இரிக்கி."

"எங்கட மாடு அப்பிடி," என்றேன்.

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். சரி, மேல்குத்தியை முதலில் போடு என்று வேலையாட்களிடம் சொன்னார்.

மேல்குத்தி வெண்ணெயாக அரிந்து வந்தது. ஒரு கீறல் இல்லை. ஒவ்வொரு பலகை விழும்போதும் நான் அந்த டின் இருந்த அலுமாரிப் பக்கம் பார்த்தேன், அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம் தாங்க முடியவில்லை. இந்த நேரத்துக்காகத்தானே இத்தனை பஸ் ஏறினேன். பிறகு அடிக்குத்தியை உருட்டி ஏற்றினார்கள்.

முதல் பலகை வந்தது. இரண்டாவதில் பாதி தூரம் போனதும் ஒரு சத்தம். பல்லைக் கூசவைக்கிற ஒரு கீச்சொலி, பிறகு வெடித்தது போல் ஒன்று. வாள்பட்டி அறுந்து சுவரில் அடித்து விழுந்தது. வாளடியில் நின்றவர் ஒரே பாய்ச்சலாய் விலகிவிட்டார், நல்லகாலம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மில் மிசினை நிற்பாட்டினார்கள்.

மில்காரர் கோடரியை வாங்கி, வெட்டு நின்ற இடத்தில் தானே மெதுவாகக் கொத்தினார். ஒரு சிராய் பெயர்ந்தது. குனிந்து பார்த்தவர் கோடரியைக் கீழே வைத்தார்.

"இது சன்னமில்ல," என்றார்.

நாங்கள் கிட்டப் போனோம். கறுத்துப்போன மரத்துக்குள், மரம் தன் சதையை எல்லாப் பக்கமும் கட்டி வளர்த்து மூடியபடி, மூன்று விரல் விரித்தது போல் இருந்தது. அதில் ஒரு விரலின் நுனியை வாள் அறுத்திருந்தது. அறுபட்ட இடம் மட்டும் பளபளத்தது. அடித்தண்டு துருப்பிடித்து என்றைக்கோ உதிர்ந்து போயிருக்கிறது.

எனக்கு முதலில் வந்த யோசனையைச் சொன்னால் சிரிப்பீர்கள். இந்த மில்காரர் இதை எப்படி உள்ளுக்குள் வைத்தார் என்பதுதான். அப்படிப் பழகிப்போன புத்தி.

என் வீட்டுக்காரர் மரத்தூளில் முழங்காலைக் குத்தி உட்கார்ந்து தொட்டுப் பார்த்தார். "அப்புவின்ர சூலம்," என்றார்.

வேலையாட்கள் எட்டிப் பார்க்க வந்தார்கள். "ஆரும் தொடாதீங்க, தள்ளி நில்லுங்க. அது அவங்கட," என்று மில்காரர் அவர்களை விலக்கினார். தானும் இரண்டடி தள்ளி நின்றார்.

ஆணி அடித்தீர்களா, கொளுக்கி போட்டீர்களா, ஷெல் விழுந்ததா என்று அந்த மனுசர் ஒவ்வொன்றாகக் கேட்டாரே. நான் இல்லை, இல்லை என்று சத்தியம் செய்தேனே. அந்த மரத்தில் இரும்பு நட்டது எங்கள் வீடுதான். அது என் நினைவுக்கு வரவேயில்லை, ஏனென்றால் என் மனதில் அது அடுத்த வளவுச் சாக்குக்குள் ஏறி, தராசில் ஏறி, என்றைக்கோ விலைப்பட்டுப் போய்விட்டது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கோபமும் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். அது போய் விழுந்தது மில்காரர் மேல்தான்.

"வாளுக்கு எவ்வளவு எண்டு சொல்லுங்கோ," என்றேன்.

"அதப் பிறகு பாப்பம்."

"பிறகு எண்டால் எவ்வளவு கூட்டிப் பாப்பீங்கள்?"

"பேசினபடிதான் தங்கச்சி. மேல்மரத்து விலையில கழிப்பம். முதல்ல இத என்ன செய்யிறது எண்டு சொல்லுங்க." குத்தியைக் கையால் காட்டி, "ஆப்பு வச்சுப் பிளந்தா அது தனியா வந்துரும். மிச்சத்துல உங்களுக்கு நல்ல நிலை ஒண்டு எடுக்கலாம். வைரம் அவ்வளவும் இந்தக் குத்தியிலதான் இரிக்கி," என்றார்.

அவர் சொன்னது நியாயம். அதில் எனக்கே ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆவணி நாள் கிட்டிவிட்டது, மேசன் காத்திருக்கிறார், தைக்கு வீடு விட வேண்டும், எல்லாம் அவருக்கும் தெரியும். ஆப்பும் சம்மட்டியும் சுவரோடு சாத்தி இருந்தன. ஏற்கெனவே ஒரு விரலை அறுத்தாயிற்று.

"பிளக்க வேண்டாம்," என்றேன். "அப்பிடியே திரும்ப ஏத்துங்கோ."

பிறகு நிலை அந்த மேல்மரத்தில்தான் வந்தது. மில்காரருக்கு விற்க இருந்த மரத்திலிருந்து நிலைக்கு எடுத்துக்கொண்டதும், வாளுக்குக் கழித்ததும் போக, எங்கள் கைக்கு வந்தது அவர் முதல் நாள் சொன்ன சம்பூர் விலையை விடவும் குறைவு. நிலை மெலிசு. ஓடாவியார் கூலியைத் தவணைக்கு விட்டுவிட்டு, இதிலே பாரமான கதவு தொங்காது என்று நூறு தரம் முணுமுணுத்தார். ஆவணி நாள் தப்பவில்லை, சுவரும் மழைக்கு முதல் எழும்பியது. தைக்கு நாங்கள் தகரக் கதவோடு குடிபோனோம், இன்றைக்கும் தகரம்தான். நான் சொல்ல வந்தது அதையல்ல, குத்தி திரும்பி வந்த அந்தப் பின்னேரத்தை.

மிசின் பெட்டி ஒழுங்கைக்குள் திரும்பிய சத்தத்துக்கு மச்சாள் வேலியடிக்கு வந்துவிட்டார். கொண்டுபோன குத்தியைத் திரும்பக் கொண்டு வருகிறார்களே என்று பார்த்திருக்க வேண்டும். தறித்த கட்டைக்குப் பக்கத்தில் அதை உருட்டி நிமிர்த்தி வைத்தோம். வீட்டுக்காரர் மிசின்காரரோடு படலைக்கு வெளியே போய்விட்டார். வேண்டுமென்றே போனார் என்று எனக்குத் தெரியும். நான் வேலிப் பக்கம் திரும்பி, "மச்சாள், ஒருக்கா வந்து பாருங்கோ," என்றேன்.

வந்தார். வெட்டு வாயைக் குனிந்து பார்த்தார். சேலைத் தலைப்பால் மரத்தூளைத் தட்டிவிட்டு, அறுபட்ட நுனியில் விரலை வைத்தார்.

"நாங்கள் உங்களைத்தான் நினைச்சனாங்கள்," என்றார். "பாலையூற்றுக்குக் கழட்டிக்கொண்டு போயிட்டியள், எங்கட பிள்ளையளுக்குக் காவலில்லாமல் விட்டிட்டியள் எண்டு. முதல் நாள் வந்து பாத்திட்டு இதடியில இருந்து அழுதனான்."

நான் வெட்டு வாயில் தொங்கிய சிராய் ஒன்றைக் கிள்ளி எறிந்தேன்.

"நாங்கள் நீங்கள் எண்டு..." என்று தொடங்கினேன்.

"தெரியும். வித்துப்போட்டன் எண்டு சொன்னனீங்கள். ஊரில எல்லாரும் வந்து சொன்னவை."

தறித்த கட்டையின் வட்டம் ஈரம் காயாமல் சிவந்து கிடந்தது. மச்சாள் அதைப் பார்த்தார், குத்தியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"அவர் ஒரு இடமும் போகேல்லை மச்சாள். நாங்கள்தான் விட்டிட்டுப் போனனாங்கள். திரும்பி வந்து தறிச்சதும் நாங்கள்தான்."

நான் வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது மச்சாள் அங்கேயே குந்தியிருந்து, அந்தப் பழைய கல்லை இரண்டு கையாலும் குத்திக்குக் கிட்ட நகர்த்திக்கொண்டிருந்தார். ஒற்றை ஆளால் அது அசையவில்லை. நானும் ஒரு பக்கம் பிடித்தேன்.